அடுத்தவர் தபாலை சுட்டால் கம்பி எண்ண வேண்டியதுதான்!

தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டை அடுக்குமாடி வீடுகளில் தபால் பெட்டிகள் பூட்டு இல்லாமல் படிக்கட்டு ஓரம் தொங்குவது சகஜம். "வெறும் கடுதாசிதானே" என்று அடுத்தவர் தபாலை அமுக்கினால் அதுவும் திருட்டுதான்.

தபாலை திருடும் ஊழியருக்கு 7 ஆண்டு வரை ஜெயில் என்றது 1898-ம் ஆண்டு தபால் சட்டம். 2024 ஜூன் 18-ந்தேதி புதிய தபால் சட்டம் வந்ததும் அது காலாவதியானது. புதிய சட்டத்தில் இந்த தண்டனை இல்லை. அதற்காக யாரும் தப்பிக்க முடியாது. 2024 ஜூலை 1-ந்தேதி அமலான பாரதிய நியாய சன்ஹிதா சட்டம் பாயும்.

திருட்டுக்கு 303-வது பிரிவில் 3 ஆண்டு வரை ஜெயில். பொருள் 5 ஆயிரம் ரூபாய்க்கு கீழே, முதல் தடவை, திருப்பியும் கொடுத்தாச்சு என்றால் சமூக சேவை செய்ய வேண்டும். மறுபடி தண்டனை பெற்றால் 1 முதல் 5 ஆண்டு கடுங்காவல். வீட்டுக்குள் புகுந்து எடுத்தால் 305-வது பிரிவில் 7 ஆண்டு வரை. நம்பி ஒப்படைத்த தபாலை அரசு ஊழியரே சுருட்டினால் 316-வது பிரிவில் 10 ஆண்டு வரை அல்லது ஆயுள் தண்டனை.

வர வேண்டிய ஸ்பீடு போஸ்ட் வரலையா? அனுப்பியவரிடம் ரசீது நம்பர் வாங்கி தபால் நிலையத்தில் புகார் கொடுங்க. 1800 266 6868 என்ற இலவச எண்ணிலும் சொல்லலாம். திருட்டு என்று தெரிந்தால் நேரா போலீஸ் நிலையம் போங்க. முதலில் பெட்டிக்கு ஒரு பூட்டு போடுங்க.