தளம் மாறினால் விரல் மாறுமா?



"முகநூலை அழித்துவிட்டேன். இனி எனக்கு நேரம் மிச்சம்" என்று சொல்பவர்களை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம். மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் அவரே எல்ஆர்டி ரயிலில் டிக்டாக்கிலோ இன்ஸ்டகிராமிலோ தலை குனிந்திருப்பார். இறங்க வேண்டிய நிலையம் தாண்டிப் போயிருக்கும்.

கேலி செய்வதற்காக இதைச் சொல்லவில்லை. அவர் விட வேண்டும் என்று நினைத்தது உண்மை. விட்டதும் உண்மை. அப்படியானால் எது அவரோடு கூடவே வந்தது? எது மாறியது? இந்த இரண்டையும் பிரித்துப் பார்த்தால்தான் நம் வீட்டில் இரவு பத்து மணி எப்படிப் பன்னிரண்டு ஆகிறது என்பது புரியும்.

நாம் போனதும், நம்மைத் தேடி வந்ததும்

நம் நாட்டவர்களுக்கு முதலில் அறிமுகமான சமூகத் தளம் பலருக்கு பிரெண்ட்ஸ்டர்தான். 2002-ல் அமெரிக்காவில் தொடங்கியது. தென்கிழக்காசியாவில் கொடிகட்டிப் பறந்தது. 2009 டிசம்பரில் மலேசியாவின் எம்ஓஎல் குளோபல் நிறுவனமே அதை வாங்கியது. ஆனால் அதற்குள் மக்கள் முகநூலுக்குக் குடிபெயரத் தொடங்கிவிட்டார்கள். 2011-ல் பிரெண்ட்ஸ்டர் விளையாட்டுத் தளமாக மாறியது.

பிரெண்ட்ஸ்டரில் ஒரு நண்பரின் பக்கத்துக்கு நாம்தான் போக வேண்டும். படம் பார்ப்போம், நாலு வார்த்தை எழுதுவோம், திரும்பிவிடுவோம். முகநூல் 2006 செப்டம்பரில் 'நியூஸ் ஃபீட்' என்ற செய்தி ஓடையைக் கொண்டுவந்தது. அன்றுமுதல் நாம் யார் பக்கத்துக்கும் போக வேண்டியதில்லை. எல்லாருடைய செய்தியும் நம்மைத் தேடி வந்தது. கோயிலுக்கு நாம் போனால் எப்போது திரும்புவது என்று நமக்குத் தெரியும். தேர் நம் வாசலுக்கே வந்து, அதன் பின்னால் இன்னொன்று, அதன் பின்னால் மற்றொன்று என்று வந்துகொண்டே இருந்தால் எப்போது உள்ளே போவது?

அதே 2006-ல் ஏசா ராஸ்கின் என்ற வடிவமைப்பாளர், அடிப்பாகமே இல்லாமல் நீண்டுகொண்டே போகும் பக்கத்தை உருவாக்கினார். அதற்குமுன் பக்கம் முடியும். 'அடுத்த பக்கம்' என்ற பொத்தானை அழுத்த வேண்டும். அழுத்தும் அந்த ஒரு நொடியில் "போதுமே" என்று மனம் சொல்ல வாய்ப்பு இருந்தது. அந்த நொடி போய்விட்டது. பிற்காலத்தில் ராஸ்கினே தம் கண்டுபிடிப்பின் விளைவுக்கு வெளிப்படையாக வருத்தம் தெரிவித்தார்.

ஒவ்வொரு தளமும் ஒரு மாதிரி

ஆகவே, தளம் மாறும்போது முதலில் கேட்க வேண்டிய கேள்வி: இங்கே முடிவு என்று ஒன்று இருக்கிறதா?

இன்ஸ்டகிராம் 2016 வரை படங்களை நேர வரிசையில் காட்டியது. பிறகு நமக்கு எது பிடிக்கும் என்று கணித்து அடுக்கத் தொடங்கியது. 2018-ல் "புதியவை எல்லாவற்றையும் பார்த்துவிட்டீர்கள்" என்ற அறிவிப்பை வைத்தது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் 2020-ல் அந்த அறிவிப்புக்குக் கீழேயே, நாம் பின்தொடராதவர்களின் பதிவுகளைக் காட்டத் தொடங்கியது. கடையைச் சாத்துகிறேன் என்று சொல்லிவிட்டு, பின்கதவைத் திறந்து வைத்த மாதிரி.

டிக்டாக் இன்னொரு படி மேலே போனது. அங்கே நண்பர்கள் முக்கியமில்லை. எந்தக் காணொளியில் எத்தனை நொடி நிற்கிறோம் என்பதைக் கவனித்து, முன்பின் தெரியாதவர்களின் காணொளிகளைக் கொடுக்கிறது. முகநூலை விட்டு அங்கே போகிறவருக்கு ஒரு நிம்மதி கிடைக்கும்: உறவினரின் புது வீட்டையும் புதுக் காரையும் பார்த்து மனம் புழுங்க வேண்டியதில்லை. ஆனால் நண்பர்கள் நூறு பேர் என்றால் அவர்கள் போடும் படத்துக்கு ஓர் அளவு உண்டு. அந்நியர்களுக்கு அளவே இல்லை. பொறாமை குறையலாம்; பொழுது குறையாது.

இதற்கு நேர்மாறான தளமும் இருக்கிறது. 2016-ல் தொடங்கிய மாஸ்டடான் தளத்தின் முகப்பில் நாம் பின்தொடர்பவர்கள் எழுதியதும் பகிர்ந்ததும் மட்டுமே நேர வரிசையில் வரும். 2022 அக்டோபரில் எலன் மஸ்க் டுவிட்டரை வாங்கியபோது பலர் அங்கே போனார்கள். ஐம்பது பேரைப் பின்தொடர்ந்தால் சீக்கிரமே ஓடை வற்றிவிடும். சிலர் "இங்கே ஒன்றுமே இல்லை" என்று திரும்பிவிடுவார்கள். உண்மையில் அந்த 'ஒன்றுமே இல்லை' என்பதுதான், கைத்தொலைபேசியைக் கீழே வைக்க நமக்குக் கிடைக்கும் அனுமதி.

வாட்ஸ்அப் வேறு வகை. அதற்கு முடிவு உண்டு. ஆனால் நாளைக்கு நாற்பது முறை கூப்பிடும். நீண்ட நேரம் மூழ்குவது போய், அடிக்கடி எட்டிப் பார்ப்பது வந்துவிடுகிறது.

பழைய பாப்கார்ன் சொல்லும் பாடம்

இரண்டாவது கேள்வி நம் கையைப் பற்றியது. டேவிட் நீல், வெண்டி வுட் முதலிய உளவியலாளர்கள் 2011-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். திரையரங்கில் சிலருக்குப் புதிய பாப்கார்னும் சிலருக்கு ஒரு வாரப் பழைய பாப்கார்னும் கொடுத்தார்கள். படம் பார்க்கும்போது பாப்கார்ன் தின்று பழகியவர்கள், சுவை பிடிக்கவில்லை என்று சொல்லிக்கொண்டே பழையதையும் புதியதைப் போலவே தின்றார்கள். ஆனால் அவர்களைப் பழக்கமில்லாத கையால் சாப்பிடச் சொன்னபோது, பழையதைக் குறைத்துக்கொண்டார்கள்.

சுவை அவர்களை இழுக்கவில்லை. இடமும் கையும்தான் இழுத்தன. நம் கட்டைவிரலும் அப்படித்தான். மின்தூக்கிக்குக் காத்திருக்கும்போதும், படுக்கையில் சாய்ந்ததும் அது தானாகத் திரையில் ஓர் இடத்தைத் தொடுகிறது. அங்கிருந்த செயலியை அழித்துவிட்டு, அதே இடத்தில் வேறொன்றை வைத்தால் விரல் அதைத் தொடும். அவ்வளவுதான்.

இதற்கு ஒரு நாடே சாட்சி. 2020 ஜூன் 29-ல் இந்தியா டிக்டாக்கைத் தடை செய்தது. ஜூலையில் இன்ஸ்டகிராம் 'ரீல்ஸ்' அங்கே வந்தது. செப்டம்பரில் யூடியூப் 'ஷார்ட்ஸ்' வந்தது. அதே முழுத்திரைக் காணொளி, அதே மேல்நோக்கிய தள்ளல். விரலுக்குப் புதிதாகக் கற்றுக்கொள்ள ஒன்றுமே இல்லை.

விடுவது வேறு, மாற்றுவது வேறு

அப்படியானால் எல்லாம் வீணா? இல்லை. அமெரிக்காவில் 2018-ல், நான்கு வாரம் முகநூலை விட்டிருக்கச் சிலருக்குப் பணம் கொடுத்து ஆராய்ந்தார்கள். ஹன்ட் ஆல்காட் குழுவினரின் அந்த ஆய்வு 2020-ல் வெளிவந்தது. ஒருவருக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 60 நிமிடம் மிச்சமானது. அந்த நேரம் வேறு தளங்களுக்குப் போயிருக்கும் என்றுதானே நினைப்போம்? போகவில்லை. தொலைக்காட்சி பார்த்தார்கள், குடும்பத்தாரோடும் நண்பர்களோடும் இருந்தார்கள். நான்கு வாரம் முடிந்த பிறகும் முன்பைவிடக் குறைவாகவே முகநூலைப் பயன்படுத்தினார்கள். அதே வேளை, நாட்டு நடப்பைப் பற்றிய அவர்களது அறிவும் சற்றுக் குறைந்திருந்தது. இழப்பே இல்லாத இலாபம் இல்லை.

வெண்டி வுட்டின் 2005-ஆம் ஆண்டு ஆய்வு இன்னொன்றைக் காட்டியது. பல்கலைக்கழகம் மாறிய மாணவர்களின் பழைய பழக்கங்கள், புதிய இடமும் பழையது போலவே இருந்தால் தொடர்ந்தன. சூழல் மாறியிருந்தால் பழக்கத்தின் பிடி தளர்ந்து, அவர்கள் எண்ணியபடி நடந்துகொண்டார்கள். குடிபெயரும் காலம் ஒரு வாய்ப்பு. சில வாரங்களில் புதிய வீட்டிலும் பழைய நாற்காலி பழைய மூலையில் அமர்ந்துவிடும். அதற்குள் செய்ய வேண்டியதைச் செய்துவிட வேண்டும்.

என்ன செய்யலாம்?

நம்மில் பலரால் எல்லாவற்றையும் அடியோடு விட முடியாது. ஆலயத் திருவிழா அறிவிப்பு, இறப்புச் செய்தி, பிள்ளையின் பள்ளித் தகவல், வீட்டிலிருந்தே செய்யும் பலகார வியாபாரம் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. ஆகவே இவற்றை முயன்று பாருங்கள்.

ஒன்று, எதற்காகப் போகிறீர்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். தாளில் இல்லாத காரணத்துக்குத் திறந்தால் அது விரலின் வேலை.

இரண்டு, பழைய செயலி இருந்த இடத்தைக் காலியாக விடுங்கள். புதியதை உள்ளே எங்காவது வையுங்கள். தேடி எடுக்கும் அந்த நொடிதான் நாம் இழந்த 'அடுத்த பக்கம்' பொத்தான்.

மூன்று, புதிய தளத்தில் குறைவானவர்களைப் பின்தொடருங்கள். ஓடை வற்றட்டும்.

நான்கு, இரவில் மின்னூட்டியை வரவேற்பறையில் வையுங்கள். அலாரத்துக்குத் தனிக் கடிகாரம் வாங்குங்கள்.

ஐந்து, பெற்றோர்களுக்கு. சிங்கப்பூரில் 2026 ஜனவரி முதல் உயர்நிலைப்பள்ளி மாணவர்கள் பள்ளி நேரம் முழுவதும் கைத்தொலைபேசியைப் பயன்படுத்தக்கூடாது என்று விதி வந்தது. ஆஸ்திரேலியாவில் 2025 டிசம்பர் 10 முதல் 16 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள் முக்கியச் சமூகத் தளங்களில் கணக்கு வைத்திருக்க முடியாது. சட்டம் ஒரு கதவை மூடும். அந்த ஒரு மணி நேரம் அடுத்து எங்கே போகும் என்பதை வீடுதான் முடிவு செய்கிறது. "டிக்டாக்கை அழி" என்று மட்டும் சொன்னால் பிள்ளை யூடியூப்புக்குப் போவான். "வா, மாடிப்படி இறங்கிக் கடைவரை நடந்து வருவோம்" என்று சொன்னால் அந்த மணி நேரத்துக்கு ஒரு போக்கிடம் கிடைக்கிறது.

கடைசியாக ஒரு சோதனை. செயலியை மூடியதும், இப்போது பார்த்தவற்றில் மூன்றைச் சொல்ல முடிகிறதா என்று உங்களையே கேளுங்கள். சொல்ல முடிந்தால் நீங்கள் பார்த்தீர்கள். முடியாவிட்டால் விரல் மட்டும்தான் பார்த்தது. எந்தத் தளத்துக்குப் போனாலும் இந்தக் கேள்வியையும் கூடவே எடுத்துச் செல்லுங்கள்.