பருவதமலையும் மஸ்தான் சாகிபும்

எங்கள் ஜவ்வாது மலைத்தொடரில் பருவதமலைக்குத் தனி ஈர்ப்பு உண்டு. பௌர்ணமியில் அடிவாரத்துத் தென்மாதிமங்கலம் வழியாகக் கூட்டம் கூட்டமாக ஏறுவார்கள். உச்சியை நெருங்கும்போது கடப்பாறைப் படி வரும். பாறையில் அடித்திருக்கும் இரும்புக் கடப்பாறைகளில் கால் ஊன்றி, சங்கிலியைப் பிடித்துக்கொண்டு ஏற வேண்டும். பேச்சு தானாக அடங்கிவிடும். மேலே மல்லிகார்ஜுனராக இருக்கும் சிவனை நாமே தொட்டு, கொண்டுபோன பாலையும் தண்ணீரையும் ஊற்றி வணங்கலாம். குறுக்கே யாரும் இல்லை. நான் இந்த மலைக்குப் போய்க்கொண்டே இருப்பது அதற்காகத்தான்.

ஆண்டவனைப் பற்றிக் கேட்டது போதாது, இப்படிக் குறுக்கே யாருமின்றி நேரில் உணர வேண்டும் என்ற தவிப்பு எல்லா மதத்திலும் உண்டு. எகிப்தின் பாலைவனத்துக்குப் போன கிறிஸ்தவத் துறவிகளுக்கும், திருவண்ணாமலை விருபாட்ச குகையில் பல ஆண்டுகள் இருந்த ரமணருக்கும் அதே தவிப்புதான். இஸ்லாத்தில் அந்த வழியில் போனவர்கள் சூபிகள்.

தமிழில் அவர்களை அறிய, குணங்குடி மஸ்தான் சாகிபிடம்தான் முதலில் போக வேண்டும். தொண்டிக்குப் பக்கத்தில் பிறந்தவர். இயற்பெயர் சுல்தான் அப்துல் காதிர். இளம் வயதிலேயே வீட்டைத் துறந்து, குருவிடம் தீட்சை பெற்று, சதுரகிரி, யானைமலை, நாகமலை என்று மலை மலையாகத் திரிந்ததாக அவர் வரலாறு சொல்கிறது. கடைசியில் வடசென்னையில் தங்கி, 1838இல் மறைந்தார். சைவக் கவி தாயுமானவரைப் போலவே பராபரக்கண்ணி பாடினார். மனோன்மணி என்று சைவர்கள் அழைக்கும் சக்தியின் பெயரையே இறைக்காதலுக்கு எடுத்துக்கொண்டு மனோன்மணிக்கண்ணியும் பாடினார். அவர்மீது நான்மணிமாலை பாடியவரோ சைவப் புலவரான திருத்தணிகை சரவணப்பெருமாளையர்!

இதை வைத்து 'எல்லா மதமும் ஒன்றுதான்' என்று பூசி மெழுகுவது எனக்கு உடன்பாடில்லை. மஸ்தான் சாகிபு எதையும் விட்டுக்கொடுத்தவர் அல்ல. நபிகளாரைப் போற்றியவர், சூபி ஞானி முகியித்தீன் ஆண்டவர்மீது சதகமே பாடியவர். தம் மார்க்கத்தில் உறுதியாக நின்றதால்தான் சித்தர்களின் தமிழை அவரால் கூச்சமின்றிக் கையாள முடிந்தது.

பருவதமலை ஏறும் அன்பர்களே, அடுத்த முறை சென்னைக்குப் போனால் தண்டையார்பேட்டைப் பக்கம் அவர் அடங்கியிருக்கும் தர்காவுக்கும் ஒரு நடை போய்விட்டு வாருங்கள். போகுமுன் அவர் பாடல்களில் நாலைந்தையாவது வாய்விட்டுப் படித்துவிடுங்கள்.