ஆலை மூடிய பின்னும் ஓடும் வண்டி

பெங்களூருவின் வடமேற்கே, துமகூரு நெடுஞ்சாலையை ஒட்டி அமைந்துள்ளது பீன்யா தொழிற்பேட்டை. 1970-களில் உருவான இப்பகுதியில் இன்று ஆயிரக்கணக்கான சிறு, நடுத்தரத் தொழிற்கூடங்கள் இயங்குகின்றன. லேத் பட்டறை, கிரைண்டிங் பட்டறை, முலாம் பூசும் கூடம், வார்ப்படக் கூடம் என, ஓர் இயந்திர உறுப்பு உருவாவதற்கு வேண்டிய தொழில்கள் பலவும் அருகருகே அமைந்துள்ளன. மோட்டார் சைக்கிளை நேசிப்பவர்களுக்கு இத்தகைய தொழிற்பேட்டை ஒரு வரம். அது ஏன் என்று விளங்கினால், எந்த வண்டியை வாங்குவது, எப்படிப் பேணுவது, அதற்கு எவ்வளவு செலவிடுவது என்னும் கேள்விகளுக்கும் விடை தெளியும்.

மைசூரு தந்த பாடம்

செக் நாட்டின் ஜாவா நிறுவனத்தின் உரிமம் பெற்று, மைசூருவின் யாதவகிரியில் ஐடியல் ஜாவா ஆலை 1960-களின் தொடக்கத்தில் உற்பத்தியைத் தொடங்கியது. முதலில் ஜாவா என்றும், 1970-களிலிருந்து யெஸ்டி என்றும் அதன் வண்டிகள் விற்பனையாயின. ஒரே சிலிண்டருக்கு இரண்டு சைலன்சர்கள், உதைத்துக் கிளப்பும் நெம்புகோலே கியர் மாற்றும் நெம்புகோலாகவும் மாறும் அமைப்பு, தொலைவிலேயே அடையாளம் காட்டும் ஒலி ஆகியவை அவற்றின் தனிச்சிறப்புகள். 1980-களின் நடுவில் எரிபொருளைச் சிக்கனமாகச் செலவிடும் ஜப்பானியத் தொழில்நுட்ப வண்டிகள் வந்தன. பின்னர் மாசுக் கட்டுப்பாட்டு விதிகளும் இறுகின. 1996-ஆம் ஆண்டு மைசூரு ஆலை மூடப்பட்டது.

ஆலை மூடினால் உதிரிப்பாகம் நிற்கும். உதிரிப்பாகம் நின்றால் வண்டியும் நிற்கும். பொதுவான நியதி இதுதான். ஆயினும் ஜாவாவும் யெஸ்டியும் நிற்கவில்லை. ஆண்டுதோறும் ஜூலை மாதத்தின் இரண்டாம் ஞாயிற்றுக்கிழமையை ஜாவா நாளாகக் கொண்டாடி, பெங்களூரு உள்ளிட்ட நகரங்களில் அவற்றின் உரிமையாளர்கள் வண்டிகளுடன் ஒன்றுகூடுகின்றனர்.

இது எவ்வாறு இயன்றது? அந்த இரட்டை வீச்சு எஞ்சினின் எளிமை முதற்காரணம். தேய்ந்த சிலிண்டரைச் சற்றே பெரிதாகக் கடைந்து, அதற்கேற்ற பெரிய பிஸ்டனைப் பொருத்தினால் எஞ்சின் மீண்டும் உயிர்பெறும். கிராங்க் தண்டைப் பிரித்து, புதிய பேரிங் இட்டு, லேத்தில் வைத்து டயல் கேஜ் கொண்டு ஓட்டம் பார்த்து நேர்செய்யலாம். தேய்ந்த புஷ்ஷைப் புதிதாகக் கடைந்துகொள்ளலாம். துருவேறிய உறுப்புக்கு மீண்டும் முலாம் பூசலாம். கைதேர்ந்த தொழிலாளியும் நல்ல லேத்தும் இருக்கும் ஊரில் இவையெல்லாம் நடக்கக்கூடிய வேலைகளே.

சென்னையின் வரலாறும் இதையே உணர்த்துகிறது. 1955-இல் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டு நிறுவனமும் மெட்ராஸ் மோட்டார்ஸும் கைகோத்ததில் பிறந்த என்ஃபீல்டு இந்தியா, திருவொற்றியூரில் புல்லட்டைத் தயாரித்தது. பிறந்த நாட்டில் அந்நிறுவனம் 1970-ஐ ஒட்டி உற்பத்தியை நிறுத்தியது. திருவொற்றியூரில் புல்லட் தொடர்ந்து உருவானது. ஒரு வண்டியின் ஆயுளைத் தீர்மானிப்பது அதன் பெயர்ப்பலகை மட்டுமன்று; அதைச் செப்பனிடும் கைகளும் உதிரிப்பாகமும் எங்கே கிடைக்கின்றன என்பதும் சேர்ந்தே தீர்மானிக்கிறது.

தேர்ந்தெடுக்கும் முன்

ஆகவே, வண்டி வாங்குமுன் நாம் கேட்க வேண்டிய முதற்கேள்வி அதன் வேகத்தைப் பற்றியதாக இருக்க வேண்டியதில்லை. நம் வீட்டிலிருந்து அரைமணி நேரப் பயணத்துக்குள் இதைச் சரிசெய்யக்கூடியவர் இருக்கிறாரா? கிளட்ச் தட்டும் பிரேக் பேடும் உள்ளூர்க் கடையில் கிடைக்குமா? நாள்தோறும் அலுவலகம் செல்லவா, மாதம் ஒருமுறை நெடுந்தொலைவு செல்லவா? இருக்கையில் அமர்ந்தால் இரு பாதங்களும் தரையில் ஊன்றுகின்றனவா? வண்டி சாய்ந்துவிட்டால் நம்மால் தனியே நிமிர்த்த இயலுமா? இவற்றுக்கு நேர்மையாக விடை சொன்ன பிறகே விலைப்பட்டியலைப் பார்க்க வேண்டும்.

விலையிலும் ஓர் எல்லைக்கோடு உண்டு. 2025 செப்டம்பர் 22 முதல், 350 சி.சி. வரையிலான மோட்டார் சைக்கிள்களுக்குச் சரக்கு மற்றும் சேவை வரி 28 விழுக்காட்டிலிருந்து 18 விழுக்காடாகக் குறைந்தது. அதற்கு மேற்பட்ட திறனுடையவற்றுக்கு 40 விழுக்காடாயிற்று. பெரிய எஞ்சினை விரும்புவோர் இவ்வேறுபாட்டைக் கணக்கில் கொள்வது நலம்.

கடனும் காலமும்

மாதத் தவணை குறைவாக இருந்தால் கடன் மலிவு என்று எண்ணுவது இயல்பு. ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். 1,50,000 ரூபாய்க் கடனை, ஆண்டுக்கு 12 விழுக்காடு வட்டியில், 36 மாதங்களில் அடைப்பதானால் மாதத் தவணை ஏறத்தாழ 4,982 ரூபாய். மொத்த வட்டி 29,400 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. அதே கடனை 60 மாதங்களுக்கு நீட்டினால் தவணை 3,337 ரூபாயாகக் குறையும். ஆனால் மொத்த வட்டி 50,200 ரூபாயாக உயரும். மாதம் 1,645 ரூபாய் குறைவாகச் செலுத்துவதற்கு நாம் தரும் விலை ஏறத்தாழ 20,800 ரூபாய். அத்தொகைக்குத் தரமான தலைக்கவசமும், கையுறையும், ஒரு சோடி டயரும் வாங்கிவிடலாம்.

பெட்ரோல், காப்பீடு, பராமரிப்பு ஆகியவற்றை ஒதுக்கிய பிறகு, எஞ்சும் வருமானத்தில் அடங்கும் தவணையே நமக்குரிய தவணை.

பழைய வண்டி, சரியான ஆவணம்

பழைய யெஸ்டியோ ஆர்.எக்ஸ். 100-ஓ வாங்க விழைவோர், எஞ்சினின் ஒலியில் மயங்குமுன் ஆவணங்களைப் பார்க்க வேண்டும். சட்டகத்தில் பொறித்த எண்ணும் எஞ்சின் எண்ணும் பதிவுச் சான்றிதழோடு பொருந்த வேண்டும். முந்தைய உரிமையாளர் கடனில் வாங்கியிருந்தால், கடன் தீர்ந்ததோடு பொறுப்பு முடிவதில்லை. வங்கி தரும் தடையின்மைச் சான்றும் படிவம் 35-உம் போக்குவரத்து அலுவலகத்தில் அளிக்கப்பட்டு, அடைமானக் குறிப்பு நீக்கப்பட்டிருக்க வேண்டும். உரிமை மாற்றத்துக்குப் படிவம் 29, 30 ஆகியவை தேவை. காப்பீட்டையும் தம் பெயருக்கு மாற்றக் கோரி, வாங்கியவர் 14 நாட்களுக்குள் காப்பீட்டு நிறுவனத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும்.

15 ஆண்டுகள் கடந்த வண்டியின் பதிவை ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். 50 ஆண்டுகள் கடந்தவற்றைப் பழம்பெரும் வாகனமாகப் பதிவுசெய்ய 2021-இல் வந்த விதி வழிசெய்கிறது. ஆயினும் அவ்வாறு பதிந்த வண்டியைக் கண்காட்சி, பேரணி போன்ற தேவைகளுக்கன்றி அன்றாடம் ஓட்ட இயலாது. எனவே இதனை ஆய்ந்து முடிவெடுக்க வேண்டும்.

ஐந்தாண்டுக்கு மேற்பட்ட வண்டிகளின் காப்பீட்டு மதிப்பு, உரிமையாளரும் நிறுவனமும் ஒப்புக்கொள்ளும் தொகையாகவே அமைகிறது. பெரும்பொருள் செலவிட்டுப் பழைய வண்டியைச் சீரமைப்பவர், ஒவ்வொரு பட்டறை ரசீதையும் நிழற்படத்தையும் பாதுகாத்து வைத்தால், இம்மதிப்பைப் பேசும்போது அவை சான்றாக நிற்கும்.

பேணும் வழக்கம்

பராமரிப்பு என்பது பெரும்பாலும் சிறு வழக்கங்களின் தொகுப்பே. வாரம் ஒருமுறை, வண்டி ஓடிச் சூடேறுமுன் டயர்க் காற்றழுத்தத்தைப் பார்க்க வேண்டும். சங்கிலியைத் துடைத்து எண்ணெயிட்டு, அதன் தளர்வு கையேட்டில் கண்ட அளவில் உள்ளதா என நோக்க வேண்டும். எஞ்சின் எண்ணெயின் அளவு, பிரேக்கின் பிடிப்பு, விளக்குகள் ஆகியவற்றைச் சோதிக்க ஐந்து நிமிடங்கள் போதும். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கங்கள் அதன் பிறந்த நாளைச் சொல்லும்: 2319 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரம். பட்டை தேயாதிருந்தாலும் முதிர்ந்த டயரின் ரப்பர் இறுகி, ஈரச்சாலையில் பிடிப்பை இழக்கும்.

சிறு குறிப்பேடு ஒன்றில் தேதி, ஓடிய தொலைவு, செய்த வேலை, செலவு ஆகிய நான்கையும் எழுதிவருவது நன்று. ஓராண்டு கழிந்ததும் வண்டியின் உண்மையான செலவு நமக்குத் தெரியும். விற்கும் நாளில் வாங்குபவருக்கும் நம்பிக்கை பிறக்கும். சைலன்சரை மாற்றி ஒலியைப் பெருக்குவது போன்ற ஒப்புதலற்ற மாற்றங்களோ சட்டச் சிக்கலையும் காப்பீட்டுச் சிக்கலையும் சேர்த்தே கொண்டுவரும்.

ஞாயிறு காலைப் பயணம்

இவ்வளவு பொறுப்புகளுக்கும் ஈடாக வண்டி நமக்குத் தருவது எதனை? பீன்யாவிலிருந்து துமகூரு சாலையில் நெலமங்களாவைக் கடந்து டாபஸ்பேட்டையில் திரும்பினால், சிவகங்கை மலையின் பாறை முகடு வானில் எழுந்து நிற்கும். மேலும் செல்வோருக்குத் தேவராயனதுர்க்கத்தின் காடும் குன்றும் காத்திருக்கின்றன. வாரம் முழுவதும் இயந்திர ஓசையில் உழைத்தவருக்கு, அவ்வழியே வீசும் காலைக்காற்று மருந்தாகும். ஜாவா பிறந்த மைசூருவுக்குச் செல்வோர் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும்: 2023 ஆகஸ்ட் முதல் பெங்களூரு–மைசூரு விரைவுச்சாலையின் முதன்மைத் தடத்தில் இரு சக்கர வாகனங்களுக்கு அனுமதியில்லை. பக்கச் சாலையே நமக்குரிய வழி. ராமநகரத்தின் பாறைக்குன்றுகளையும் சென்னபட்டணத்தின் மரப்பொம்மைக் கடைகளையும் அங்கிருந்து நிதானமாகக் காணலாம்.

புறப்படுமுன் ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள தலைக்கவசத்தின் வாரைப் பூட்டிக்கொள்வோம். பின்னிருக்கையில் அமர்பவருக்கும் அதுவே விதி. தலைக்கவசம், நடப்பிலுள்ள காப்பீடு, தாங்கக்கூடிய தவணை, கைக்கெட்டும் தொலைவில் ஒரு நல்ல மெக்கானிக் ஆகிய நான்கும் அமைந்துவிட்டால், நாம் தேர்ந்தெடுத்த வண்டி எந்த நிறுவனத்தினுடையதாயினும் நெடுங்காலம் நம்மோடு வரும்.