மின்வெள்ளமும் கலிங்கும்

திண்டுக்கல்லிலிருந்து திருச்சிராப்பள்ளி செல்லும் பெருவழியில் அமைந்த ஊர் வடமதுரை. சௌந்தரராசப் பெருமாள் கோயிலால் சிறப்புற்ற இவ்வூரைச் சூழ்ந்து மானாவாரி நிலங்களும், கிணற்றுப் பாசனத் தோட்டங்களும், நூற்பாலைகளும் உள்ளன. இங்கே நீரை இறைப்பதும் மின்சாரம். நூலை நூற்பதும் மின்சாரம். கோடைமழை இடியுடன் வரும் மாலைப்பொழுதில் உழவர் மழையைக் கண்டு மகிழ்வர். மின்னலைக் கண்டு, மோட்டார் என்னாகுமோ என்று அஞ்சுவர். அவ்வச்சத்தைக் குறைக்கும் கருவி ஒன்று உண்டு. அதன் இயல்பை இப்பாடத்தில் அறிவோம்.

நம் இல்லங்களுக்கு வரும் மின்சாரத்தின் அழுத்தம் 230 வோல்ட்டு. மின்னல் கம்பியின்மீது விழுந்தாலும், அதன் அருகில் விழுந்தாலும், கம்பியின் மின்னழுத்தம் ஒரு கணத்தில் பல்லாயிரம் வோல்ட்டாக உயரக்கூடும். இதனை மின்னெழுச்சி என்பர். ஆலைகளில் பெரிய மோட்டார்களை நிறுத்தும்பொழுதும் சிறிய எழுச்சிகள் தோன்றும். மின்னலால் தோன்றும் எழுச்சி கண்ணிமைக்கும் நேரத்தினும் மிகக் குறுகியது. அதற்குள் அது மோட்டாரின் கம்பிச்சுருளையும் தொலைக்காட்சிப் பெட்டியையும் பாழாக்கிவிடும். பியூஸ் கம்பி காவாதோ எனின், காவாது. அக்கம்பி சூடேறி உருகுமுன்னரே எழுச்சி தன் அழிவு வேலையை முடித்துவிடும்.

அங்ஙனமாயின் காப்பது யாது? நம் முன்னோர் குளம் வெட்டியபொழுது, கரையை உயர்த்தியதோடு அமையவில்லை, கலிங்கும் கட்டினர். பெருவெள்ளத்தை எதிர்த்து நிற்பது கலிங்கின் வேலை அன்று. மிகுந்த நீருக்கு வழிவிட்டுக் கரையைக் காப்பதே அதன் வேலை. மின்னெழுச்சிக் காப்பானும் அத்தகையதே. அஃது எழுச்சியைத் தடுப்பதில்லை. நிலத்திற்குச் செல்ல அதற்கு எளிய வழியைத் திறந்துவிடுகிறது.

இக்காப்பானின் உள்ளே துத்தநாக ஆக்சைடு என்னும் பொருளால் செய்த வில்லை இருக்கிறது. 1960களின் பிற்பகுதியில் ஜப்பான் நாட்டு மட்சுஷிட்டா நிறுவனத்தில் இவ்வகை வில்லை உருவாயிற்று. நுண்ணிய மணிகள் நெருங்கி அமைந்த இவ்வில்லையில், மணிக்கும் மணிக்கும் இடையிலுள்ள எல்லை ஒவ்வொன்றும் ஒரு சிறு தடை. அழுத்தம் இயல்பாக உள்ளவரை இத்தடைகள் மின்சாரத்தை விடமாட்டா. அழுத்தம் வரம்பு கடந்தால் அவை உடனே வழிவிடும். எழுச்சி அடங்கியதும் மீண்டும் தடையாகும்.

காப்பானின்மீது பொறித்துள்ள எண்களையும் குளத்தைக் கொண்டே அறியலாம். முதலாவது, கலிங்கில் நீர் வழியாதிருக்கும் மட்டம். 230 வோல்ட்டு வீட்டிற்கு இது பெரும்பாலும் 275 வோல்ட்டு என்றிருக்கும். இரண்டாவது, வெள்ளம் வழிந்தோடும்பொழுது குளத்தில் நிற்கும் நீரின் உயரம். காப்பானின்மீது 1500 வோல்ட்டு என்றிருந்தால், எழுச்சியின்பொழுது நம் கருவிகளைச் சேரும் அழுத்தம் அவ்வளவே. வீட்டுக்கருவிகளுள் பல 2500 வோல்ட்டு எழுச்சியைத் தாங்குமாறு செய்யப்படுவதால், அவை பிழைக்கும். ஆதலின் இவ்வெண் சிறிதாக இருத்தல் நன்று. மூன்றாவது, கலிங்கின் அகலம். அதாவது எத்துணை ஆம்பியர் மின்னோட்டத்தைக் கடத்த இயலும் என்பது. இதனை அறிய, ஒரு நொடியைப் பத்து இலட்சம் பங்காக்கி, அத்தகைய 8 பங்கில் உச்சத்தை எட்டி 20 பங்கில் பாதியாகும் செயற்கை அலையைச் செலுத்திச் சோதிப்பர். வீட்டுக் காப்பான் ஒன்று 20,000 ஆம்பியரைப் பலமுறையும், 40,000 ஆம்பியரை ஒருமுறையும் தாங்குவதாக இருக்கலாம்.

ஊர்ப்புறத்து மின்மாற்றிக் கம்பத்தை அண்ணாந்து பாருங்கள். 11,000 வோல்ட்டுக் கம்பிகள் மூன்றனோடும் இணைந்து, மடிப்பு மடிப்பான உறையுடன் மூன்று காப்பான்கள் நிற்கும். அவற்றின் அளவு 9,000 வோல்ட்டு. 11,000 வோல்ட்டுக் கம்பிக்கு இது குறைவன்றோ எனின், அன்று. 11,000 என்பது இரு கம்பிகளுக்கு இடையேயுள்ள அழுத்தம். கம்பிக்கும் நிலத்திற்கும் இடையேயுள்ளது ஏறத்தாழ 6,350 வோல்ட்டுதான்.

கலிங்கிலிருந்து ஓடும் நீருக்கு வாய்க்கால் வேண்டும். வாய்க்கால் தூர்ந்திருந்தால் கலிங்கு இருந்தும் கரை உடையும். காப்பானுக்கு அவ்வாய்க்கால் எர்த் கம்பியே. அது தடித்தும் குறுகியும் வளைவின்றியும் இருத்தல் வேண்டும். எழுச்சியின்பொழுது ஒரு மீட்டர் கம்பியே ஏறத்தாழ 1000 வோல்ட்டைக் கூட்டிவிடும். காய்ந்த மண் மின்சாரத்தை எளிதில் ஏற்பதில்லை. ஆதலால் வறட்சி மிகுந்த வடமதுரை வட்டாரத்தில், கோடையில் எர்த் குழிக்கு நீர் வார்ப்பது உயர்ந்த விலையில் காப்பான் வாங்குவதினும் முதன்மையானது.

காப்பான் எல்லாத் தீங்கையும் போக்காது. நெடுநேரம் நீடிக்கும் மிகையழுத்தத்தில் அதுவே எரிந்துபோகும். பல எழுச்சிகளைத் தாங்கியபின் தேய்ந்தும் போகும். பல காப்பான்களில், அவ்வாறு தேய்ந்தால், பச்சைக் குறி சிவப்பாக மாறும்; உடனே புதியது பொருத்த வேண்டும். மேலும் அது காப்பது கருவிகளையே. இடி இடிக்கும்பொழுது ஸ்டார்ட்டரைத் தொடுவதும் மரத்தடியில் ஒதுங்குவதும் உயிருக்கு இடையூறாகும்.

எதிர்த்து நிற்பது மட்டுமே காவல் அன்று. அறிந்து வழிவிடுவதும் காவலே. குளம் கட்டியோர் கண்ட இவ்வுண்மையையே, ஒரு சிறு வில்லை இன்று நம் வீட்டுச் சுவரில் இருந்து உணர்த்துகின்றது.