உங்களுக்குத் தெரியுமா? வேனில் ஏறும் சிலிண்டர்

திருநள்ளாற்றில் சனிக்கிழமை விடியும் முன்பே வேன் நிற்கும் இடங்களில் அடுப்பு எரியத் தொடங்கிவிடும். நளன் குளத்தில் முழுகிவிட்டு வருவதற்குள் இட்லி வெந்தாக வேண்டும். திருநள்ளாறு, நாகூர், வேளாங்கண்ணி என்று ஒரே சுற்றில் மூன்றையும் பார்க்கக் கிளம்பும் கூட்டத்தோடு அரிசி, பருப்பு, அண்டாவுடன் சிலிண்டரும் ஊர் சுற்றுகிறது. பெரும்பாலும் கடைசி சீட்டுக்குப் பின்னால், ஜமுக்காளத்தின் அடியில். அதற்கான இடம் அது இல்லை.

*

சமையல் கேஸ் காற்றைவிடக் கனம். அதில் கலந்திருக்கும் புரொப்பேன் காற்றைப்போல் ஒன்றரை மடங்கு, பியூட்டேன் இரண்டு மடங்கு. அதனால் கசியும் கேஸ் மேலே போய்க் கலைந்துவிடுவதில்லை. சீட்டுக்கு அடியில் இறங்கி, தரையோடு படர்ந்து அங்கேயே கிடக்கும். வேனின் ஜன்னலோ இடுப்புக்கு மேலே இருக்கிறது. அதைத் திறந்து வைத்தால் மனதுக்கு ஆறுதல் கிடைக்கும், கேஸ் வெளியேறாது.

ஐரோப்பாவில் வீடுபோல் வசதி செய்த வண்டிகளில் சிலிண்டருக்குத் தனி அறை வைக்கிறார்கள். அந்த அறையின் கதவு வண்டிக்கு வெளியே திறக்கும். உள்ளே ஆள் இருக்கும் பக்கம் இடுக்கில்லாமல் அடைத்திருக்கும். அறையின் தரையில் ஓட்டை இருக்கும். கசிந்தால் கேஸ் நேரே ரோட்டில் இறங்கிவிடும். நம் பட்டறையிலும் தகரத்தில் இப்படி ஒரு பெட்டி அடிப்பது பெரிய வேலை இல்லை. ஓட்டைக்குப் பக்கத்தில் சைலன்சர் குழாயும் பேட்டரியும் இல்லாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

*

கடலுக்குப் போகும் விசைப்படகிலும் சிலிண்டர் உண்டு. நாள்கணக்கில் தங்கி மீன் பிடிப்பவர்கள் படகில்தான் சமைக்கிறார்கள். படகின் அடியில் ஓட்டை போட முடியாது. கசியும் கேஸ் அடித்தட்டில், இன்ஜினுக்குப் பக்கத்தில் போய்த் தேங்கும். ஆகவே படகில் சிலிண்டரின் இடம் மேல்தளம், அதுவும் திறந்த வெளி.

*

காற்றில் நூற்றுக்குச் சுமார் 2 பங்கு கேஸ் கலந்தாலே தீப்பிடிக்கும். 12 கன மீட்டர் இடமுள்ள ஒரு வேனைக் கணக்குப் போட்டுப் பாருங்கள்: அரைக் கிலோ கேஸ் சீராகப் பரவினால் போதும். தரையோடு கிடக்கும்போது அதற்கும் குறைவே போதும். திருநள்ளாற்றில் வண்டிக்குக் கற்பூரம் காட்டி, டயருக்கு எலுமிச்சம்பழம் வைக்கிறோமே, அந்தக் கற்பூரம் எரிவதும் தரையில்தான். பூஜைக்கு முன் சிலிண்டரை இறக்கித் தள்ளி வைத்துவிடுங்கள்.

*

2023 ஆகஸ்ட் 26. லக்னோவிலிருந்து ஆன்மிகச் சுற்றுலா வந்தவர்களின் தனிப்பெட்டி, புனலூர் ரயிலோடு மதுரை வந்து சேர்ந்தது. ரயிலிலிருந்து கழற்றி ஓரமாக நிறுத்தினார்கள். ரயிலில் கொண்டுவரக் கூடாத சிலிண்டர் உள்ளே இருந்தது. விடியற்காலை ஐந்தேகால் மணி வாக்கில், டீ போட அடுப்பைப் பற்றவைத்தபோது பெட்டியே தீப்பற்றியது. 9 பேர் இறந்தார்கள். பெட்டி ஓடிக்கொண்டிருக்கவில்லை, நின்றுகொண்டிருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். 'ஓடும்போதுதானே ஆபத்து, நிறுத்திவிட்டுச் சமைத்தால் என்ன' என்று கேட்பவர்களுக்கு மதுரை பதில் சொல்லிவிட்டது. நிறுத்தினால் போதாது; அடுப்பையும் சிலிண்டரையும் கீழே இறக்கி வெட்டவெளியில் வைத்துச் சமைக்க வேண்டும்.

*

வீட்டு சிலிண்டரில் இருக்கும் கேஸ் 14.2 கிலோ. இரும்பையும் சேர்த்தால் ஏறத்தாழ 30 கிலோ. 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி எதிலாவது மோதி நின்றால், கட்டாத சிலிண்டர் அதே வேகத்தில் முன்னே பாயும். 14 மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமமான அடி அது. துணிக் கயிறும் பழைய சேலையும் தாங்காது. அடியில் ஒரு வளையம், நடுவில் இரும்புப் பட்டை, இரண்டும் வண்டியின் சட்டத்தோடு போல்ட் போட்டிருக்க வேண்டும். வெறும் பிளைவுட் தரையில் முடுக்கிய திருகாணி முதல் மோதலிலேயே பிய்த்துக்கொண்டு வரும். பட்டைக்கு அடியில் ரப்பர் வையுங்கள், அவ்வப்போது கழற்றியும் பாருங்கள். காரைக்கால் மாதிரி கடலோர ஊரில் உப்பு ஈரம் அந்த இடுக்கில்தான் தங்கித் துருவைக் கிளப்பும்.

*

சிலிண்டர் எப்போதும் நின்றுகொண்டுதான் வர வேண்டும். உள்ளே அடியில் திரவம், மேலே ஆவி. படுக்கப் போட்டால் திரவம் வால்வுக்கு வந்துவிடும். ரெகுலேட்டர் ஆவிக்காகச் செய்தது. அதன் வழியே ஒரு லிட்டர் திரவம் வெளியேறினால் சுமார் 250 லிட்டர் கேஸாக விரியும். அடுப்பில் சுடர் ஆளுயரம் எழும்.

வெளிநாட்டு வீடியோக்களில் வண்டிக்கு அடியில் படுத்திருக்கும் டேங்கைப் பார்த்து ஆசைப்படுகிறவர்கள் உண்டு. அது படுப்பதற்கென்றே செய்த டேங்க். இங்கே ஆட்டோவிலும் காரிலும் இருக்கும் எல்பிஜி டேங்கைக் கழற்றி அடுப்புக்கு மாட்டலாமே என்று தோன்றலாம். வேண்டவே வேண்டாம். அது இன்ஜினுக்குத் திரவத்தை அனுப்பும் டேங்க்.

*

பனிநாடுகளில் புரொப்பேன், இங்கே ஏன் கலவை? பியூட்டேன் பூஜ்யம் டிகிரிக்குச் சற்றுக் கீழே போனாலே ஆவியாகாது. புரொப்பேன் மைனஸ் 42 டிகிரி வரை ஆவியாகும். பனிநாட்டுக்காரர்களுக்கு அதனால்தான் புரொப்பேன். மார்கழிப் பனியிலும் காரைக்காலில் அந்தக் கவலை இல்லை. இங்கே கவலை வெயில்தான். சூடேறினால் திரவம் விரியும். அதற்காகவே ஆட்டோ எல்பிஜி டேங்கை 80 சதவீதத்துக்கு மேல் நிரப்புவதில்லை. கண்ணாடி ஏற்றி வெயிலில் நிறுத்திய வேனுக்குள் சிலிண்டரை விட்டுப் போகாதீர்கள்.

*

வண்டி கிளம்பும் முன் ரெகுலேட்டரைக் கழற்றி, நூலில் தொங்குகிறதே அந்த பிளாஸ்டிக் மூடியை வால்வில் அழுத்தி மாட்டுங்கள். பலர் அந்த மூடியைச் சிலிண்டர் வந்த அன்றே அறுத்து எறிந்துவிடுகிறார்கள். ஆரஞ்சு நிற சுரக்ஷா ட்யூபுக்கு ஆயுள் 5 வருடம். தேதி அதன் மேலேயே அச்சிட்டிருக்கும். ஓடும் வண்டியின் அதிர்வில் இணைப்பு தளரும். ஒவ்வொரு முறை மாட்டியதும் சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பாருங்கள். தீக்குச்சி கிழித்துப் பார்க்கும் வீரர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

*

சிலிண்டரின் மேல்பக்கப் பட்டையில் A, B, C, D என்று ஓர் எழுத்தும் வருடமும் இருக்கும். A என்றால் மார்ச், B ஜூன், C செப்டம்பர், D டிசம்பர். மறுசோதனைக்குப் போக வேண்டிய கெடு அது.

*

கேஸுக்கு மணம் சேர்க்கிறார்கள், மூக்கு காட்டிக்கொடுத்துவிடும். கார்பன் மோனாக்சைடுக்கு மணம் கிடையாது. 2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரையில், சாலையோரம் நின்ற ஒரு கேரவனுக்குள் இரண்டு பேர் இறந்து கிடந்தார்கள். ஏசிக்காக ஓட்டிய ஜெனரேட்டரின் புகை வண்டிக்குள் வந்திருந்தது. மூடிய வேனுக்குள் எரியும் அடுப்பும் இதே வேலையைச் செய்யக்கூடியது. ஒரு கிலோ கேஸ் எரிய ஏறத்தாழ 12 கன மீட்டர் காற்று வேண்டும். மேலே கணக்குப் போட்ட வேனின் மொத்தக் காற்றும் அவ்வளவுதான். கேஸ் எச்சரிக்கைக் கருவி வாங்கினால் தரைக்கு ஒரு சாண் மேலே மாட்டுங்கள். மோனாக்சைடு கருவி வேறு. அதைத் தனியாக வாங்க வேண்டும்.

*

வண்டியில் நிரந்தரமாக டேங்க் பொருத்துவது ஆர்.சி. புத்தக விவரத்தை மாற்றும் வேலையானால், 1988-ம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவின்படி போக்குவரத்து அலுவலக அனுமதி வேண்டும். மத்தியச் சட்டம் இது. காரைக்காலின் PY-02 வண்டி எல்லையிலுள்ள வாஞ்சூர் தாண்டினாலும் பூவம் தாண்டினாலும் சட்டம் மாறாது. வீட்டு உபயோக சிலிண்டரை வாடகை வேனில் ஏற்றிச் செல்வதும் தப்பு. 5 கிலோ சிலிண்டர் பெட்ரோல் பங்குகளில் கிடைக்கிறது. முகவரிச் சான்று கேட்பதில்லை, அடையாள அட்டை ஒன்று போதும். சின்னது, நிமிர்த்திக் கட்ட எளிது, இருபது பேர் கூட்டத்துக்கு ஒரு வேளைச் சமையலுக்குத் தாராளம்.

*

வேனுக்குள் கேஸ் வாடை வந்தால்? சாவியைத் தொடாதீர்கள், விளக்கையும் ஃபேனையும் போடவோ அணைக்கவோ வேண்டாம். எல்லோரும் இறங்குங்கள், கதவுகளைத் திறந்து போடுங்கள். தள்ளிப் போய் நின்று 1906-க்கு போன் செய்யுங்கள். கேஸ் கசிவுக்கென்றே உள்ள எண் அது. இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள்.