பின்கட்டை நீட்டித் திறந்த கூடம் அமைத்தல்

உத்தியோகத்தின் பொருட்டுத் தில்லியில் குடியேறி, சிறியதொரு வீட்டையும் சொந்தமாக்கிக்கொண்ட நம்மவர்க்குக் குடும்பம் பெருகியதும் ஓர் எண்ணம் எழுவது இயல்பு. பின்புறத்து வெற்றிடத்தில் வீட்டை நீட்டி, இடையிலுள்ள சுவரை எடுத்துவிட்டு, சமையலுக்கும் உணவுக்கும் உரையாடலுக்கும் ஒரே கூடமாக ஆக்கிக்கொள்ளலாம் என்பதே அது. எண்ணம் நன்று. ஆயினும், எடுக்கக் கருதும் சுவர் எதைச் சுமக்கிறது என்பதை நாம் முதற்கண் அறிதல் வேண்டும்.

செங்கல் வீடுகளில் ஒன்பது அங்குலச் சுவர் பெரும்பாலும் மேல்தளத்தின் பாரத்தைத் தாங்குவது. நாலரை அங்குலச் சுவர் பெரும்பாலும் தடுப்பு மாத்திரமே. வீட்டின் பின்சுவர் முதல்வகையைச் சார்ந்தது. அதை அகற்றினால், அதன் பாரம் உத்திரத்தின் வழியே தூண்களுக்கும், தூண்களின் வழியே அஸ்திவாரத்திற்கும் இறங்க வழி செய்தாக வேண்டும். தளத்திற்கு முட்டுக் கொடுக்காமல் சுவரில் கை வைத்தல் ஆகாது.

சுவர் பாரம் தாங்குவதோடு, நிலம் அசையும்போது வீடு பக்கவாட்டில் சாயாமலும் காக்கிறது. தில்லியோ நிலநடுக்க அபாயம் மிக்க நகரம். 2001 ஜனவரி 26-இல் குஜராத்தில் நிலம் நடுங்கியபோது, வாகனங்களுக்காகக் கீழ்த்தளத்தைச் சுவரின்றித் திறந்து விட்டிருந்த அகமதாபாத் அடுக்குமாடிகள் பல சரிந்தன. அபாயம் மிகுந்த பகுதிகளில், ஒரே தளமுள்ள செங்கல் வீட்டுச் சுவரில் திறப்புகளின் மொத்த அகலம் சுவரின் நீளத்தில் பாதியைத் தாண்டலாகாது என்பது இந்தியத் தரவிதி. மாடி ஏற ஏற இவ்வரம்பு குறையும். இதனினும் அகலமான திறப்பு வேண்டுவோர், பொறியாளர் கணக்கிட்டுத் தரும் கான்கிரீட் அல்லது எஃகுச் சட்டகத்தை அமைத்தல் வேண்டும். மேஸ்திரியின் வாய்மொழி போதாது.

அடுத்தது ஒளி. பின்கட்டு நீள நீள நடு அறை இருளும். ஒரு பக்கத்தில் சிறு முற்றம் விட்டால் அக்குறை நீங்கும். நம் ஊர் வீடுகள் நன்கறிந்த முறையே இது. சென்னையில் கோடையின் நடுப்பகலில் சூரியன் வடக்கே சாய்வதுண்டு. தில்லியில் நடுப்பகற் சூரியன் எந்நாளும் தெற்கேதான். ஜூனில் ஏறத்தாழ 85 பாகை உயரத்திலும், டிசம்பரில் 38 பாகை உயரத்திலும் அது நிற்கும். ஆதலின், தெற்கு நோக்கிய திறப்பின் மேல் கூரையை அளவாக வெளியே நீட்டினால், கோடை வெயில் தடைப்படும். குளிர்கால வெயில் உள்ளே வரும். மேற்கு நோக்கிய பெருந்திறப்பு கோடை மாலைகளில் துன்பமே தரும்.

தாளிப்பின் நெடி கூடமெங்கும் பரவாதிருக்க, அடுப்பை வெளிச்சுவரை ஒட்டி வைத்து, புகைபோக்கி அமைத்தல் நலம். மனையின் பின்னே விடவேண்டிய வெற்றிடத்தின் அளவை விசாரித்து, வரைபடத்திற்கு மாநகராட்சியின் அனுமதி பெற்ற பின்னரே கடப்பாரையை எடுத்தல் முறையாகும்.