இலாபத்தைக் கொடுத்தவர் பலர், கடையையே கொடுத்தவர் ஹகீம் அப்துல் ஹமீத்

ரமழான் காலத்தில் விற்பனையாகும் ரூஹ் அப்ஸா என்ற சிவப்பு நிறப் பானத்தை அறிந்த வியாபாரிகள் எம்மில் நிறையப் பேர் உள்ளனர். போத்தலின் லேபலைக் கூர்ந்து பார்த்தவர்கள் 'ஹம்தர்த்' என்ற பெயரோடு 'வக்பு' என்ற சொல்லும் சேர்ந்திருப்பதைக் கண்டிருப்பார்கள். சர்பத் விற்கும் கம்பனிக்கு வக்பு என்ற பெயர் எப்படி வந்தது? அதன் பின்னால் வியாபாரிகள் அறிந்துகொள்ள வேண்டிய ஒரு வரலாறு உள்ளது.

1906ஆம் ஆண்டு பழைய டில்லியில் ஹகீம் ஹாபிழ் அப்துல் மஜீத் என்பவர் ஒரு சிறிய யூனானி மருந்துக் கடையைத் திறந்தார். டில்லியின் கோடை வெப்பத்துக்கு இதமாக அடுத்த ஆண்டு அவர் தயாரித்த பானமே ரூஹ் அப்ஸா. 1922இல் அவர் வபாத்தானபோது மூத்த மகன் அப்துல் ஹமீதுக்கு வயது 14. இளைய மகன் முஹம்மத் ஸஈத் இரண்டு வயதுக் குழந்தை. கடையை மூடிவிட்டுக் கிடைத்ததைப் பிரித்துக்கொண்டு போயிருக்கலாம். அவர்களது தாயார் ராபிஆ பேகம் அதற்கு இடம் கொடுக்கவில்லை. பிள்ளைகள் தலையெடுக்கும் வரை அவரே வியாபாரத்தைத் தாங்கிப் பிடித்தார். வியாபாரக் குடும்பங்களின் வரலாற்றை எழுதும்போது இப்படிப்பட்ட தாய்மாரின் பெயரை நாம் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம்.

அப்துல் ஹமீத் பொறுப்பேற்ற பின் கடை தொழிற்சாலையாக வளர்ந்தது. 1947இல் நாடு பிரிந்தது. இளைய சகோதரர் 1948 ஜனவரியில் கராச்சிக்குப் போய் அங்கு புதிதாக ஹம்தர்தை ஆரம்பித்தார். டில்லியிலேயே தங்கிய மூத்தவர் அதே 1948இல் யாரும் எதிர்பாராத ஒன்றைச் செய்தார். நிறுவனத்தையே வக்பாக மாற்றினார். கராச்சி ஹம்தர்தும் 1953இல் வக்பு ஆயிற்று.

இதன் பொருளைச் சற்று விளக்க வேண்டும். ஒரு முதலாளி தனது இலாபத்தில் ஸகாத் கொடுக்கிறார், ஸதகா கொடுக்கிறார், பாடசாலைக்கு ஒரு கட்டடம் கட்டித் தருகிறார். இவையெல்லாம் நல்லவைதான். ஆனால் வியாபாரம் அவருடையதாகவே இருக்கும். அடுத்த வருடம் கொடுப்பதும் கொடுக்காததும் அவரது விருப்பம். அவர் வபாத்தானால் சொத்து வாரிசுகளுக்குப் பிரிந்துவிடும், தர்மம் தொடருமா என்பது பிள்ளைகளின் மனதைப் பொறுத்தது. வக்பு அப்படியல்ல. மூலதனத்தை விற்கவோ, அன்பளிப்புச் செய்யவோ, வாரிசுரிமையாகப் பிரிக்கவோ முடியாது. அதன் பலன் மாத்திரம் செலவிடப்படும். கைபரில் கிடைத்த காணியை உமர் (ரழி) அவர்கள் நபி (ஸல்) அவர்களின் ஆலோசனைப்படி வக்பு செய்ததிலிருந்து வரும் முறை இது. நேற்று வரை உரிமையாளராக இருந்தவர் இன்று முதல் முதவல்லி, அதாவது பொறுப்பாளர் மட்டுமே. தான் பிறந்து வளர்ந்த கடையில் ஒருவர் தன்னை இப்படி வேலைக்காரராக ஆக்கிக்கொள்வது இலேசான காரியமல்ல.

அந்தப் பணம் எங்கே போனது என்று பார்த்தால் பெரும்பாலும் கல்விக்குத்தான். 1964இல் ஹம்தர்த் தேசிய மன்றம் அமைக்கப்பட்டு, இலாபத்தை நலப்பணிகளுக்குப் பகிரும் வேலை அதனிடம் ஒப்படைக்கப்பட்டது. தென் டில்லியின் துக்ளகாபாத் பகுதியில் மருத்துவ வரலாற்று ஆய்வு நிறுவனம், யூனானி மருத்துவக் கல்லூரி, மருந்தாக்கவியல் கல்லூரி, மஜீதிய்யா வைத்தியசாலை என ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. இவை ஒன்றுசேர்ந்து 1989இல் ஜாமிஆ ஹம்தர்த் என்ற பல்கலைக்கழக அந்தஸ்தைப் பெற்றன. பழைய டில்லியில் பெண்பிள்ளைகளுக்கென நிறுவப்பட்ட பாடசாலைக்குத் தாயார் ராபிஆவின் பெயர் வைக்கப்பட்டது. அரசாங்க நிர்வாக சேவைப் பரீட்சைகளுக்கு மாணவர்களைத் தயார்படுத்தும் ஒரு பயிற்சி நிலையத்தையும் அவர் உருவாக்கினார். எமது சமூகத்தில் இந்த வேலைக்கு நன்கொடை கொடுக்க இன்னும் அதிகமானோர் முன்வருவதில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். கராச்சியில் சகோதரர் ஹகீம் முஹம்மத் ஸஈதும் மதீனதுல் ஹிக்மா என்ற கல்வி நகரை அமைத்தார், அங்கு 1991இல் ஹம்தர்த் பல்கலைக்கழகம் உருவானது. அவர் 1998 ஒக்டோபரில் சுட்டுக் கொல்லப்பட்டார். மூத்தவர் 1999 ஜூலையில் வபாத்தானார்.

எம்மிடமும் முன்மாதிரிகள் இல்லாமலில்லை. பேருவளை மாணிக்க வர்த்தகர் மர்ஹூம் நளீம் ஹாஜியார் 1973இல் ஜாமிஆ நளீமிய்யாவை நிறுவியதை அனைவரும் அறிவர்.

எல்லாம் சுமுகமாக நடந்தது என்று எழுதினால் அது முழு உண்மையாகாது. ஹகீம் அப்துல் ஹமீதின் காலத்துக்குப் பின், முதவல்லி பதவி யாருக்கு என்பதில் குடும்பத்துக்குள் பிணக்கு எழுந்து நீதிமன்றம் வரை சென்றது. 2019 நோன்பில் இந்தியச் சந்தையில் ரூஹ் அப்ஸாவுக்குத் தட்டுப்பாடு வந்தபோது பலரும் இந்தப் பிணக்கைத்தான் காரணமாகப் பேசினர். நிறுவனம் மூலப்பொருள் பற்றாக்குறை என்றது. எது எப்படியானாலும், பிணக்கு நிர்வாகத்தைப் பற்றியதாகவே இருந்தது. சாதாரணக் கடையாக இருந்திருந்தால் 1999இலேயே பாகப்பிரிவினை நடந்து முடிந்திருக்கும்.

எமது நாட்டில் இப்படிச் செய்ய நினைப்பவர் முழு வியாபாரத்தையும் கொடுக்க வேண்டியதில்லை. ஒரு கடைக் கட்டடம் போதும். மாதம் ஒரு இலட்சம் ரூபா வாடகை வரும் கட்டடம் என்று வைத்துக்கொள்வோம். வரியும் திருத்த வேலையும் போக மிஞ்சுவதை வருடந்தோறும் இத்தனை மாணவர்களின் பல்கலைக்கழகச் செலவுக்கு என்று எழுதி வைக்கலாம். திருத்த வேலைக்கு ஒரு பங்கை ஒதுக்காமல் எழுதிய வக்புக் கட்டடங்கள் பாழடைந்து போவதுண்டு, ஆகவே அதை மறக்கக் கூடாது. 1956ஆம் ஆண்டின் 51ஆம் இலக்கச் சட்டம் வக்புகளைப் பற்றியது. அதன் கீழ் வக்பு சபையும் பின்னர் வக்பு நியாய சபையும் அமைக்கப்பட்டன. விபரங்களை முஸ்லிம் சமய பண்பாட்டலுவல்கள் திணைக்களத்தில் கேட்டறியலாம். கையிருப்புச் சரக்கு, கம்பனிப் பங்கு போன்றவற்றை வக்பு செய்வதில் மார்க்கச் சட்ட அறிஞர்களிடையே கருத்து வேறுபாடுகள் உள்ளதால், உறுதி எழுதும் முன் ஆலிம் ஒருவரையும் சட்டத்தரணி ஒருவரையும் ஒரே மேசையில் இருத்திப் பேசுவது நல்லது. முதவல்லி யார், அவருக்குப் பின் யார், அவரை எப்படி நீக்குவது, கணக்கை வருடந்தோறும் யார் பரிசோதிப்பது ஆகிய நான்கையும் உறுதியிலேயே எழுதிவிட வேண்டும்.